எல்லைச் சாலையில் டீசல் புகை

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை, பாலராமபுரத்தைக் கடந்து நெய்யாற்றின்கரையை அடைகிறது. பிறகு அமரவிளை, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலைக்குச் சென்று, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறது. சாலையின் இரு மருங்கிலும் தென்னையும் வாழையும் செறிந்த சிற்றூர்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுவோர் உளர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவோரும் உளர். பாறசாலையில் பதிவான வண்டி கே.எல். 19 என்றும், நெய்யாற்றின்கரையில் பதிவானது கே.எல். 20 என்றும் எண் தாங்கி வருகிறது. எல்லைக்கு அப்பால் நாகர்கோவில் வண்டிக்கு டி.என். 74, மார்த்தாண்டத்து வண்டிக்கு டி.என். 75. எண்கள் வேறு; சாலை ஒன்று. அவ்வண்டிகளின் புகை சென்று கலக்கும் காற்றும் ஒன்றே.

இச்சாலையில் பொழுது புலருமுன்பே சரக்குப் போக்குவரத்துத் தொடங்கிவிடும். தோவாளையின் பூ, குமரிக் கடற்கரையின் மீன், வாழைக்குலை, காய்கறி ஆகியவை திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை நோக்கிச் செல்கின்றன. அவற்றைச் சுமப்பவை பெரும்பாலும் சிறு டீசல் வண்டிகள். பிக்கப் என்பார்கள், இன்னும் சிறியதைக் குட்டி யானை என்பார்கள். ஒரு வண்டி ஒரு குடும்பத்தின் சோறு என்பது இங்கு உவமை அன்று, கணக்கு.

2020-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த இவ்வகை வண்டிகளின் புகைக்குழாயில் வடிகட்டிகளும் ஊக்கிகளும் உணர்கருவிகளும் நிறைந்துள்ளன. அவற்றில் ஒன்று பழுதுபட்டால் ஓட்டுநர் முன் மஞ்சள் விளக்கு எரியும். வண்டியின் வேகம் தானாகக் குறையும். அப்போது உரிமையாளர் மெக்கானிக்கிடம், "இதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார். எரிச்சலில் எழும் கேள்விதான். எனினும் அதற்குத் தக்க விடை கூறவேண்டுமானால், இந்தச் சாதனங்கள் ஏன் வந்தன, எவ்வழியாக வந்தன என்ற வரலாற்றை நாம் அறிந்திருத்தல் அவசியம். அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் இதே சாலையில்தான் எழுதப்பட்டது.

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் சமஸ்தானத்தின் அரசுப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்டர் அத்துறையின் மேற்பார்வையாளராக அழைத்து வரப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றுக்குரிய உடற்கூண்டுகளை உள்ளூர்த் தொழிலாளரே அமைத்தனர். அவ்வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்தவை பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்கள். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் அந்நிறுவனம் தோன்றி அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன. உலகின் பல நாடுகளில் பெட்ரோல் பஸ்களே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், திருவிதாங்கூர் அரசு தன் பஸ் பணியை டீசலிலேயே தொடங்கியது. சமஸ்தானத்தின் தென் பகுதிக்குச் செல்லும் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை இந்தப் பஸ்களின் தொடக்க காலப் பாதைகளில் ஒன்று. ஆகவே நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் டீசல் இயந்திரத்தின் ஓசையை மிக முற்பட்டே கேட்ட ஊர்களாகும்.

இந்த இயந்திரத்தின் தன்மைதான் யாது? ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1890-களில் இதனை உருவாக்கினார். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் இயந்திரத்திலோ காற்றை மிகக் கடுமையாக அழுத்துகிறார்கள். அழுத்தப்பட்ட காற்று பல நூறு பாகை வெப்பம் அடைகிறது. அந்த வெப்பத்தில் எண்ணெயைத் துளித்துளியாகப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலும் ஓடிக் காட்டியது. எரிபொருள் சிக்கனம், இழுவை வலிமை, நெடுநாள் உழைப்பு ஆகிய மூன்று குணங்களால் அது சரக்கு வண்டியின் இயந்திரமாயிற்று.

ஆனால் அதே செயல்முறையில் ஒரு குறையும் பிறந்தது. பீச்சப்படும் எண்ணெய்த் துளியின் வெளிப்புறத்திற்குக் காற்று கிடைக்கிறது. உட்புறத்திற்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. காற்றில்லாமல் வெந்த பகுதி கரியாகிறது. அதுவே கறுப்புப் புகை. அக்காலத்து மெக்கானிக்குகள் இப்புகையைக் கொண்டே நோயறிந்தார்கள். கறுப்புப் புகை வந்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்று குறைவு. காற்று வடிகட்டியையும் நாசிலையும் பார்க்கவேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். வெண்புகை நீடித்தால் எரியாத எண்ணெய் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. கண்ணும் மூக்கும் காதுமே அவர்களுடைய கருவிகள். நாடி பார்க்கும் வைத்தியரைப் போல அவர்கள் வண்டியைப் பார்த்தார்கள்.

இயந்திரத்தை மாற்றியமைக்கும் திறமையும் நம்மவரிடம் குறைவாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டுப் பெட்ரோல் பஸ்கள் பலவற்றின் பின்புறத்தில் கரிவாயு உலை பொருத்தப்பட்டது. கரியை எரித்து, அதில் பிறந்த வாயுவால் பஸ்ஸை ஓட்டினார்கள். அது தேவை கற்பித்த மாற்றம். கிடைக்காத பொருளுக்குப் பதிலாகக் கிடைத்த பொருளைப் பயன்படுத்திய மாற்றம். இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வண்டியை மாற்றியமைத்தல் என்பதே குற்றமன்று. எதற்காக மாற்றுகிறோம், அதன் விளைவை யார் சுமக்கிறார்கள் என்பனவே கேள்விகள்.

போர் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அந்த இணைப்புக்காக 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியான செய்தி நேயர்கள் அறிந்ததே. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே அரசின் கீழிருந்த சாலை களியக்காவிளையில் இரண்டாகப் பிரிந்தது. வரி வேறு, பதிவு வேறு, பரிசோதனை அதிகாரி வேறு என்றாயிற்று. மக்களின் உறவும் வாணிபமும் மட்டும் பிரியவில்லை. பெண் கொடுத்த வீடு ஒருபுறம், சந்தை மறுபுறம் என்றே வாழ்க்கை தொடர்ந்தது.

அதே காலத்தில் டீசல் வண்டி நம் நாட்டிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது. 1951-இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தோன்றியது. டீசலைப் பீச்சும் பம்ப்பும் நாசிலும் பின்னர் அங்கே தயாராயின. 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து லாரி உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. சிறு சரக்கு வண்டிகள் பின்னர் வந்தன. 1986-இல் டாட்டா 407, 1988-இல் டாட்டா 206 என்னும் பிக்கப், 2005-இல் ஏஸ் என்று அவ்வரிசை நீண்டது. மகிந்திரா நிறுவனத்தின் பிக்கப்புகளும் பரவின. மாட்டு வண்டியும் பஸ்ஸின் மேற்கூரையும் சுமந்த சரக்கைச் சிறு வண்டிகள் ஏற்றுக்கொண்டன.

இவற்றில் பழைய வண்டிகளின் பம்ப்பில் ஒரு திருகு உண்டு. அதைச் சற்றே திருப்பினால் எண்ணெய் கூடுதலாகப் பாயும். மேட்டில் வண்டி நன்றாக இழுக்கும். கூடவே கரும்புகையும் கக்கும். "பம்ப்பைக் கூட்டிவைத்தல்" என்பது பணிமனைகளில் நெடுங்காலம் வழங்கிய வித்தை. சான்றிதழ் வாங்கும் நாளில் குறைத்துவைப்பார்கள். வாங்கியபின் மீண்டும் கூட்டுவார்கள். விதியை ஏமாற்றும் பழக்கம் மின்னணுக் கருவியோடு பிறந்ததன்று என்பதை இச்செய்தி காட்டுகிறது. ஆயினும் அன்று ஏமாற்றியவனைப் புகையே காட்டிக்கொடுத்தது. பின்னால் வருபவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினான். குற்றம் கண்ணெதிரே தெரிந்தது.

புகையில் கண்ணுக்குத் தெரியாத பகுதியும் உண்டு என்பதை உலகம் மெல்லவே கற்றது. 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் நகரைப் பல நாட்கள் மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அது பெரும்பாலும் நிலக்கரிப் புகை. கண்ணால் கண்ட எதிரி. அதே காலத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வேறொரு மூட்டம் மக்களின் கண்களை எரித்தது. ஹாகன் ஸ்மிட் என்னும் விஞ்ஞானி அதன் காரணத்தை ஆராய்ந்தார். வண்டிகளின் புகைக்குழாயிலிருந்து வெளிவரும் எரியாத எண்ணெய் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் என்னும் காரவாயுவைப் பிறப்பிக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். நைட்ரஜன் ஆக்சைடு என்பது காற்றிலுள்ள நைட்ரஜனே கடும் வெப்பத்தில் எரிந்து உண்டாகும் பொருள். டீசல் இயந்திரத்தின் வெப்பமும் அழுத்தமும் அதற்கு மிக ஏற்றவை. புகை கறுக்காமலே அது வெளிவரும். மூச்சுக் குழாயை அரிக்கும். காற்றில் நுண்துகளாக மாறி நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லும். 2012-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனத் திட்டவட்டமாக அறிவித்தது.

நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் டீசல் புகைக்கு அளவு வகுத்தன. புதிய டீசல் வண்டிகளின் நச்சு வெளியீட்டுக்கு 1992-இல் வரம்பு வந்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கில், டில்லியின் பஸ்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1998-இல் கட்டளையிட்டது. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய முறையைத் தழுவிய வரம்புகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பாரத் ஸ்டேஜ் என்பது அவற்றின் பெயர்.

ஆனால் சுத்தமான இயந்திரத்திற்குச் சுத்தமான எண்ணெய் முதலில் வேண்டும். டீசலில் கலந்திருக்கும் கந்தகம் ஊக்கிகளை நஞ்சுபோல் செயலிழக்கச் செய்யும். 1990-களின் தொடக்கத்தில் நம் டீசலில் பத்து லட்சத்தில் 10,000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்ற நிலை. அது படிப்படியாக 500, 350, 50 எனக் குறைந்து, ஆறாம் கட்டத்தில் 10 பங்காயிற்று. கலப்படம் மற்றொரு பகை. மலிவு மண்ணெண்ணெயை டீசலில் கலந்தவர்களைத் தடுக்க முயன்றமைக்காக, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் கொலையுண்டார். நல்ல எண்ணெய் என்பது ஓர் இளைஞன் உயிர் கொடுத்துக் காத்த நேர்மை என்பதை நாம் மறத்தலாகாது.

எல்லைப்புறத்து மக்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி. நான்காம் கட்டத்துத் தூய டீசல் 2010-இல் சென்னை முதலிய 13 பெருநகரங்களுக்கே முதலில் வந்தது. ஏனைய பகுதிகளுக்கு 2015-இல் மத்திய அரசு வகுத்த கால அட்டவணைப்படி, கேரளம் 2016 ஏப்ரலிலும், தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் 2017 ஏப்ரலிலும் அதனைப் பெறவேண்டும். அதாவது ஓராண்டுக் காலம், பாறசாலையில் நிரப்பும் டீசலுக்கு ஒரு தரமும் சில கிலோமீட்டர் தெற்கே நிரப்பும் டீசலுக்கு வேறு தரமும் என்பது திட்டம். விலை எங்கே குறைவோ அங்கே நிரப்புவது சரக்கு வண்டிக்காரரின் இயல்பு. காற்றுக்கு எல்லைக்கோடு இல்லாதபோது எரிபொருளுக்கு மட்டும் எல்லை வகுத்தால் பயன் முழுமையாகாது. 2020 ஏப்ரல் 1 அன்று ஆறாம் கட்டம் நாடெங்கும் ஒரே நாளில் வந்தது அதனால்தான் சிறப்புடையது. ஐந்தாம் கட்டத்தைத் தாண்டியே நாடு அப்படியை ஏறியது.

அந்தப் படி எவ்வளவு உயரமானது? டீசல் காரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் கட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம் கரித்துகள் அனுமதிக்கப்பட்டது; நான்காம் கட்டத்தில் 25; ஆறாம் கட்டத்தில் 4.5 மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடு 500-லிருந்து 250-ஆகவும், பிறகு 80-ஆகவும் குறைக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேரக் குறைப்பது எளிதன்று. இயந்திரத்தைச் சூடாக எரியவிட்டால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். வெப்பத்தைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி பெருகும். தராசின் ஒரு தட்டைத் தூக்கினால் மறு தட்டு தாழ்கிறது. ஆகவேதான் இயந்திரத்திற்குள் ஒரு மருந்தும், புகைக்குழாயில் வேறு மருந்துகளும் தேவைப்பட்டன.

முதலாவது, புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இயந்திரத்திற்குள் அனுப்பும் வால்வு. ஈ.ஜி.ஆர். என்பர். அது வெப்பத்தைத் தணிக்கிறது. இரண்டாவது, எரியாத ஆவியை எரித்துவிடும் ஊக்கி. மூன்றாவது, கரித்துகளைப் பிடித்துவைக்கும் பீங்கான் வடிகட்டி, டி.பி.எஃப். என்பது அதன் பெயர். தேன்கூட்டைப் போன்ற அதன் நுண்ணறைகளில் கரி சேரும். சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் வண்டியே அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நான்காவது, சில வண்டிகளில் மட்டும் காணப்படும் யூரியாக் கரைசல். நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா கலந்த இந்நீரைச் சூடான புகையில் பீச்சினால், அது அம்மோனியாவாகி நைட்ரஜன் ஆக்சைடைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

இவை நல்ல ஏற்பாடுகளே. எனினும் பாறசாலைக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் இடையே ஓடும் வண்டிக்காரருக்கு இவற்றால் துன்பம் உண்டு என்பதை மறைக்கலாகாது. நெரிசலில் ஊர்ந்தும், கடைக்குக் கடை நின்றும், பொருள் இறக்கும்போது இயந்திரத்தை அணைக்காமலும் ஓடும் வண்டியின் புகைக்குழாய் போதிய சூடு பெறுவதில்லை. சூடு பெறாத வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள இயலாது. பாதியில் வண்டியை நிறுத்தினால் தொடங்கிய சுத்தமும் பாதியில் நின்றுவிடும். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தால் வடிகட்டி அடைத்து வண்டி முடங்கும். புதிய வடிகட்டியின் விலையோ சிறு உரிமையாளரின் பல மாத வருவாயை விழுங்கக்கூடியது.

இங்கேதான் பழைய மெக்கானிக்கின் நாடி பார்க்கும் அறிவு புதிய உருவில் தேவைப்படுகிறது. வடிகட்டி அடைப்பது பெரும்பாலும் நோயன்று, நோயின் அறிகுறி. நாசில் ஒழுகினால் கரி பெருகும். டர்போவுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் காற்று குறைந்து கரி பெருகும். ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கினாலும் அவ்வாறே. அழுத்தத்தை அளக்கும் உணர்கருவியின் சிறு குழாய் அடைத்திருந்தால், சுத்தமான வடிகட்டியையும் அடைத்ததாகக் கருவி தவறாகக் காட்டும். இவற்றைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அடைக்கும்; வடிகட்டியைக் கழற்றி எறிந்தாலும் உள்நோய் இருந்தபடியே இருக்கும். ஆகவே ஸ்கேனரில் தோன்றும் எண்ணை மட்டும் நம்பாமல், காற்று, எண்ணெய், நாசில், வால்வு, உணர்கருவி என்ற வரிசையில் தேடுவது அறிவுடைமை.

உரிமையாளர் செய்யக்கூடியவையும் உண்டு. சாம்பல் குறைந்த, தயாரிப்பாளர் குறித்த என்ஜின் ஆயிலையே ஊற்றவேண்டும். கரியை எரித்துவிடலாம்; ஆயிலின் சாம்பலை எரிக்க இயலாது. சுத்திகரிப்பு விளக்கு எரியும்போது வண்டியை அணைக்காமல் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓட்டவேண்டும். வயலுக்கு இடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றுதல் கூடவே கூடாது. நம் நாட்டு உர யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. பயிருக்கு நன்மையான அப்பூச்சு ஊக்கிக்கும் பம்ப்புக்கும் தீமையே செய்யும்.

இத்தனையும் செய்வதைவிடக் கழற்றி எறிவது எளிது என்று கூறுவோர் உளர். வடிகட்டியை வெட்டி வெற்றுக் குழாயை வைத்து, கணிப்பொறி மூளைக்குப் பொய்யான செய்தியை ஊட்டிவிட்டால் விளக்கும் எரியாது. இதன் விளைவை உலகம் ஏற்கெனவே கண்டுவிட்டது. அமெரிக்காவில் பத்தாண்டுக் காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளிலிருந்து இச்சாதனங்கள் அகற்றப்பட்டன என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்கிட்டது. அவ்வண்டிகள் தம் ஆயுட்காலத்தில் 5,70,000 டன் நைட்ரஜன் ஆக்சைடை வரம்புக்கு மேல் வெளிவிடும் என்பதும் அக்கணக்கே. அது சிறியோர் செய்த பிழை என்றால், பெரியோரும் அதனையே செய்தனர். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் டீசல் கார்களைச் சோதனைச் சாலையிலிருந்து வெளியே கொணர்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டி அளந்தார்கள். தமிழ்ப் பெயர் தாங்கிய அரவிந்த் திருவேங்கடம் அக்குழுவில் ஒருவர். ஃபோக்ஸ்வாகன் காரொன்றின் நைட்ரஜன் ஆக்சைடு, வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை இருந்தது. சோதனை நடக்கிறதா என்று மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் கணிப்பொறிக் கட்டளை அக்காரில் ஒளிந்திருந்தது. 2015 செப்டம்பரில் உண்மை வெளியாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அக்கட்டளை இருந்தது. இந்தியாவில் மட்டும் 3,23,000-க்கும் மேற்பட்ட கார்களை அந்நிறுவனம் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. சான்றிதழ் நாளில் பம்ப்பைக் குறைத்துவைத்த பழைய வித்தையும் இதுவும் தன்மையில் ஒன்றே.

நம் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்கிறது. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. டீசல் வண்டிக்கான மாசுச் சான்றிதழ்ச் சோதனையில் அளக்கப்படுவது புகையின் கருமையே. அது எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதே. நைட்ரஜன் ஆக்சைடு ஒளியை மறைப்பதில்லை. ஊக்கியைச் செயலிழக்கச் செய்த வண்டி சான்றிதழோடும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பழைய வண்டிகளைத் தடுப்பது மட்டும் போதுமா? 2016 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு கேரள நகரங்களில் ஓடலாகாது என்று ஆணையிட்டது. சில வாரங்களிலேயே அது உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உட்பட்டது. அந்த ஆணை நிலைத்திருந்தால் நகரத்தில் விலக்கப்பட்ட வண்டிகள் எங்கே சென்றிருக்கும்? நகர எல்லைக்கு வெளியே, நெய்யாற்றின்கரை போன்ற ஊர்களுக்கே வந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. நகரத்துக் காற்றைக் காப்பாற்றிச் சிற்றூரின் காற்றைக் கைவிடும் ஏற்பாடு நீதியாகாது.

ஆகவே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. டீசல் புகையின் கதை, தெரிகின்ற புகையிலிருந்து தெரியாத புகைக்கு வந்த கதை. தெரிகின்ற புகையைத் தடுக்க ஊராரின் கண் இருந்தது. அதிகாரியின் கருவி இருந்தது. தெரியாத புகையைத் தடுக்க, மூடிய பணிமனைக்குள் ஸ்பேனரைக் கையில் ஏந்தி நிற்பவரின் மனச்சாட்சியே பெரிதும் துணை. அந்த மனச்சாட்சியை வறுமையின் நெருக்கடியில் தனியே விட்டுவிடுதலும் முறையன்று. சிற்றூர் மெக்கானிக்குகளுக்கு இந்தப் புதிய சாதனங்களில் பயிற்சி வேண்டும். குறை அறியும் கருவியும், நியாயமான விலையில் உதிரிப் பாகமும் எல்லையின் இருபுறத்தும் கிடைக்கவேண்டும். கழற்றி எறிவதைக் காட்டிலும் பழுது பார்ப்பது மலிவாக இருக்குமானால், கழற்ற வருபவர் குறைந்துவிடுவர்.

பாறசாலைச் சந்திப்பில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிக் குழந்தையும், களியக்காவிளைச் சந்தையில் நாள் முழுதும் கூடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியும் பிக்கப்புக்கு உரிமையாளர் அல்லர். அதன் வாடகையில் அவர்களுக்குப் பங்கில்லை. புகையில் மட்டும் பங்குண்டு. வண்டியைப் பழுது பார்க்கும்போது, நமக்கு எதிரே நிற்கும் உரிமையாளரோடு, எதிரே நில்லாத இவ்விருவரையும் நினைவில் வைத்துக்கொள்வோமாக.